லென்ஸ் அக்காவின் விவாகரத்து நகல்

பேருந்து நிலையத்துக்கு எதிரே இருக்கும் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்து ஃப்ரேமில் பொருத்துவது அவள் வேலை. இருபத்து மூன்று வருஷமாக அதே ஸ்டூல், சுவரைப் பார்த்துப் போட்ட அதே மேசை. டாக்டர் எழுதிக்கொடுத்த சீட்டைப் பார்த்து லென்ஸை எடுப்பாள், நடுப்புள்ளியைக் குறிப்பாள், தண்ணீர் சொட்டும் கல்லில் ஓரத்தைக் கொடுத்துத் தேய்ப்பாள், ஃப்ரேமைச் சூடுகாட்டி இளக்கி லென்ஸை உள்ளே அமுக்குவாள். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும். அது சரியாக வரவில்லை என்றால் வாடிக்கையாளர் எத்தனை அவசரப்பட்டாலும் கண்ணாடியைக் கையில் தர மாட்டாள். முதலாளியிலிருந்து பக்கத்தில் டீ போடுகிறவர் வரை எல்லாருக்கும் அவள் லென்ஸ் அக்கா. சொந்தப் பெயரைச் சொல்லி அவளை யாராவது கூப்பிட்டே பல வருஷம் இருக்கும்.

வீடு என்பது ஒரு மாடி அறை. அம்மா இருந்தவரை அது இரண்டு பேர் இருந்த அறை. அம்மா போய் ஆறு வருஷம் ஆகிறது. தம்பி வேறு ஊரில் மனைவி மக்களோடு இருக்கிறான். மாதத்துக்கு ஒருமுறை போன் பேசுவான், "சாப்பிட்டியா, மாத்திரை போட்டியா" என்பதற்கு மேல் இருவருக்கும் பேச்சு ஓடாது.

கீழ்வீட்டுக்காரர்களைப் பொறுத்தவரை அவளுக்குக் கல்யாணமாகி, கணவர் கப்பலில் வேலை பார்க்கிறார். அது அம்மா கட்டிவிட்ட கதை. மகளுக்கு விவாகரத்து ஆனதை வெளியே சொல்ல அம்மாவுக்கு வாய் வரவில்லை. குடிவந்த முதல் நாளே, "மாப்பிள்ளை கப்பல்ல இருக்கார், வர்றப்ப வருவார்" என்று அடித்துவிட்டாள். அப்புறம் யாராவது கேட்டால் கப்பலை ஒவ்வொரு கடலாக ஓட்டிக்கொண்டே போனாள். பத்து வருஷம் கழித்தும் கப்பல் கரைக்கு வராததைப் பார்த்துக் கீழ்வீட்டுக்காரர்களே கேட்பதை நிறுத்திவிட்டார்கள். லென்ஸ் அக்காவும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் யார், என்ன, ஏன் என்று அடுத்த கேள்விகள் வரும்.

உண்மையில் அவர் கப்பலில் இல்லை. அதே ஊரின் மறுகோடியில், குடிநீர் பம்ப் ஹவுஸில் மோட்டார் ஆபரேட்டர். அவளோடு ஏழு வருஷம் வாழ்ந்தவர். அடி உதை கிடையாது, குடி கிடையாது. ஐந்தாவது வருஷம் ஒரு பெண் குழந்தை பிறந்தது, பிறக்கும்போதே உயிரில்லை. அதற்குப் பிறகு இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அதைப் பேசாததால் மற்ற எதையும் பேச முடியாமல் போயிற்று. அவர் ராத்திரி டூட்டி கேட்டு வாங்கிக்கொண்டார். அவள் பகலில் அம்மா வீட்டுக்குப் போய்விடுவாள். கடைசியில் யாரோ ஒருவர், "இப்படியே எத்தனை நாள், பிரிஞ்சுடலாமே?" என்று கேட்டபோது இருவருமே தலையை ஆட்டிவிட்டார்கள்.

இவ்வளவும் அவள் மனசின் அடியில் எங்கேயோ கிடந்த சமாசாரம். அன்று மத்தியானம் அந்தப் பெண் கடைக்குள் வரும்வரை.

நாற்பத்தைந்து வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கோப்பு. கடையில் வேறு யாரும் இல்லை, முதலாளி சாப்பிடப் போயிருந்தார்.

"வாங்க, சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா?" என்றாள் லென்ஸ் அக்கா.

"கண்ணாடி வாங்க வரலைங்க. உங்களைத்தான் பார்க்கணும்."

"என்னையா?"

"பம்ப் ஹவுஸ்ல வேலை பார்த்தாரே..." என்று ஆரம்பித்து அந்தப் பெண் கோப்பைக் கை மாற்றிக்கொண்டாள். "நான் அவரோட வீட்டுக்காரி."

அவர் மறுமணம் செய்துகொண்டது லென்ஸ் அக்காவுக்குத் தெரியும். யார் என்று தெரியாது. எதிரே இருந்த நாற்காலியைக் காட்டி, "உட்காருங்க" என்றாள்.

அந்தப் பெண் உட்காரவில்லை. "அவர் போயிட்டாருங்க. முப்பத்தாறு நாளாச்சு. டூட்டி முடிஞ்சு காலையில வந்தார், சட்டையைக் கழட்டி மாட்டினார், தண்ணி கேட்டார். நான் கொண்டு வர்றதுக்குள்ள முடிஞ்சிருச்சு."

லென்ஸ் அக்காவின் கையில் பாதி தேய்த்த லென்ஸ் ஒன்று இருந்தது. அதை ஊதித் துடைத்தாள். மறுபடி ஊதித் துடைத்தாள். முப்பத்தாறு நாள். அன்றைக்குத் தான் என்ன செய்துகொண்டிருந்தோம் என்று மனசு பின்னால் போய்த் தேடியது. ஒன்றும் கிடைக்கவில்லை. எல்லா நாளும் ஒரே மாதிரி நாள். வேலைக்கு வந்திருப்பாள், சாப்பிட்டிருப்பாள், டீக்காரர் சொன்ன ஏதோ ஜோக்குக்குச் சிரித்திருக்கவும் கூடும்.

"எனக்கு யாரும் சொல்லலையே" என்றாள். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அபத்தம் என்று உறைத்தது. அவளுக்கு யார் சொல்ல வேண்டும், எதற்குச் சொல்ல வேண்டும்?

அந்தப் பெண்ணுக்கும் அது சங்கடமாகப் போயிற்று. "கண்ணாடி மாத்தணும்னா அவர் இந்தக் கடைக்கு வரவே மாட்டார்" என்றாள், பேச்சை எங்கேயாவது திருப்ப வேண்டுமே என்று. "பஸ் ஏறி அடுத்த ஊருக்குப் போவார். எதுக்கு இப்படி அலையறீங்கன்னு கத்துவேன். நீங்க இங்க இருக்கீங்கன்னு பம்ப் ஹவுஸ்ல ஒருத்தர் இப்ப சொன்ன பிறகுதான் விஷயமே புரிஞ்சுது."

பிறகு வந்த காரியத்தைச் சொன்னாள். அவர் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் எழுதிக்கொடுத்த பாரத்தில் மனைவி என்ற இடத்தில் லென்ஸ் அக்காவின் பெயர் இருக்கிறது. கடைசிவரை அது மாறவில்லை. ஆகவே குடும்ப ஓய்வூதியத்துக்கு எழுதிப்போட்டால், முதல் மனைவியை முறைப்படி விவாகரத்து செய்ததற்குக் கோர்ட்டுச் சான்று கொண்டு வா என்கிறார்கள். அவரிடமிருந்த காகிதம் வீடு மாறியதில் எங்கே போயிற்றோ தெரியவில்லை. வழக்கு எண்ணும் தெரியவில்லை. மூன்றாம் மனுஷி போய்க் கேட்டால் கோர்ட்டில் ஆயிரம் கேள்வி. வழக்கில் இருந்தவரே கேட்டால் கொடுத்துவிடுவார்கள். இருந்த இருவரில் ஒருவர் போய்விட்டார்.

"என்னை நீங்க விரட்டினாலும் நான் தப்பா நினைக்க மாட்டேன்" என்றாள் அந்தப் பெண். "ஆனா பொண்ணு காலேஜ்ல படிக்குது."

லென்ஸ் அக்காவின் மனசு வேறு எங்கோ இருந்தது. முப்பது வருஷமாக ஓர் அலமாரியில் ஒரு பாரத்தில் தன் பெயர் மனைவி என்ற சொல்லுக்கு எதிரே இருந்திருக்கிறது. அதை நினைத்ததும் உள்ளே ஏதோ ஒன்று சந்தோஷம் மாதிரி எட்டிப்பார்த்தது. இத்தனை துக்கத்தோடு எதிரே ஒருத்தி நிற்கும்போது இது என்ன புத்தி என்று தன்மேலேயே அவளுக்குக் கூச்சமாகிவிட்டது.

"மாத்த மறந்திருப்பார்" என்றாள்.

"மறக்கிறதாவது! சோம்பேறித்தனம். பேப்பர் வேலைன்னா அவர் எட்டு ஊர் தள்ளி ஓடுவார்."

"கரெண்ட் பில்லுக்கே மூணு தடவை சொல்லணும்" என்று லென்ஸ் அக்காவின் வாயிலிருந்து தானாக வந்துவிட்டது.

இருவரும் சிரிக்கப் பார்த்தார்கள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோனது.

"என்கிட்ட ஒரு காப்பி இருந்துச்சு. தேடிப் பார்க்கிறேன்" என்றாள் லென்ஸ் அக்கா.

சாயங்காலம் கட்டிலடியில் இருந்த பெட்டியைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினாள். பள்ளிச் சான்றிதழ் இருந்தது, தடுப்பூசி அட்டை இருந்தது, உடைந்த வளையல்கூட இருந்தது. அது மட்டும் இல்லை. தம்பிக்குப் போன் போட்டாள்.

"அந்தக் கோர்ட்டுப் பேப்பரா?" தம்பி குரலைத் தாழ்த்தினான். "அக்கா, நீ கோவிச்சுக்கக் கூடாது. அதை அம்மா அப்பவே அடுப்புல வெச்சுட்டாங்க."

"என்னடா சொல்ற?"

"நீ வேலைக்குச் சேர்ந்த புதுசுல. பேப்பர் இருந்தாத்தானே விவாகரத்து, இல்லாட்டி ஒண்ணுமே நடக்கலைதானேன்னாங்க. உன்கிட்ட சொல்லாதேன்னு சத்தியம் வேற வாங்கிக்கிட்டாங்க."

அம்மாவின் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. குனிந்து அடுப்பில் காகிதத்தைத் திணிக்கும் அம்மாவின் முதுகுதான் கண்ணுக்குள் நின்றது. கப்பல் கதை நிற்காமல் ஓட எண்ணெய் ஊற்றியிருக்கிறாள் பாவம்.

மறுநாள் அரை நாள் லீவு சொல்லிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனாள். நகல் பிரிவு என்பது தாழ்வாரத்தின் கடைசியில் கம்பி போட்ட ஒரு ஜன்னல். வரிசையில் நின்றவர்களில் அநேகமாக எல்லாரும் கூட ஓர் ஆளோடு வந்திருந்தார்கள். ஒருவர் நிற்க ஒருவர் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தார். அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, ஆனால் இடம் போய்விடும் என்று நகராமல் நின்றாள்.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த எழுத்தர் தலை நிமிராமல் கேட்டார். "வழக்கு எண்?"

"தெரியாதுங்க."

"வருஷம்?"

"இருபத்து மூணு வருஷம் ஆச்சு."

"எண்ணும் இல்ல, தேதியும் இல்ல. உள்ள வந்து பார்த்தா மூட்டை மூட்டையா இருக்கும்மா. எதைன்னு தேடறது? தேதியாவது கொண்டு வாங்க." அடுத்த ஆளைப் பார்க்கத் திரும்பியவர் மறுபடி அவள் பக்கம் பார்த்தார். "கூட யாரும் வரலையா?"

"இல்லைங்க."

பஸ்ஸில் திரும்பும்போது யோசித்தாள். தீர்ப்புக் கிடைத்தது ஒரு வெள்ளிக்கிழமை. அது நிச்சயம். ஏனென்றால் சனியும் ஞாயிறும் படுத்தே கிடந்துவிட்டு, திங்கள்கிழமை இந்தக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த தேதி கடையில் இருக்குமே!

முதலாளியிடம் கேட்டாள். அவர் ஏன் என்று கேட்கிற ஆள் இல்லை. ஸ்டூல் போட்டு ஏறி, பரணிலிருந்து தூசு பறக்க ஒரு பழைய வருகைப் பதிவேட்டை இறக்கினார். அதில் முதல் பக்கத்திலேயே அவள் கையெழுத்து இருந்தது. இப்போது போடும் கிறுக்கல் இல்லை, ஒவ்வோர் எழுத்தும் முழுசாக. அந்தத் திங்கள்கிழமையிலிருந்து மூன்று நாளைப் பின்னால் எண்ணி, தீர்ப்பு வந்த வெள்ளிக்கிழமையின் தேதியைச் சீட்டில் எழுதிக்கொண்டு மறுபடி கோர்ட்டுக்குப் போனாள்.

எழுத்தருக்கே ஆச்சரியம். "பரவாயில்லையே" என்று சொல்லி, மனுவை வாங்கி முத்திரை ஒட்டி, அவளைப் பின்புறம் இருந்த பதிவறைக்கு அனுப்பினார்.

பதிவறையில் பகலிலும் விளக்கு எரிந்தது. கூரை தொடும் அலமாரிகள், சிவப்புத் துணியில் கட்டிய கட்டுகள், ஈரமும் பூச்சி மருந்தும் கலந்த வாசனை. நடுவே ஒரு மேசையில் ஓய்வு பெறும் வயதில் ஒருவர். அவருடைய கண்ணாடியின் ஒரு பக்கக் காதுக்கம்பி ஊக்கு குத்தி நின்றது. பதிவேட்டைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் கண்ணாடி ஒரு பக்கம் சரிய, அவர் ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு மறு கையால் பக்கம் புரட்டினார். இரண்டு பக்கம் பார்ப்பதற்குள் லென்ஸ் அக்காவுக்குப் பொறுக்கவில்லை.

"சார், அந்தக் கண்ணாடியைக் கொஞ்சம் குடுங்க."

"எதுக்கும்மா?"

"குடுங்க சார், ஓடிப்போயிட மாட்டேன்."

கைப்பையில் எப்போதும் இருக்கும் சின்ன டப்பாவைத் திறந்தாள். கடுகளவு திருகாணி ஒன்றை எடுத்து, ஊக்கைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் முடுக்கினாள். மூக்குப்பட்டையையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, முந்தானையால் துடைத்துக் கொடுத்தாள். அவர் போட்டுக்கொண்டு தலையை இடமும் வலமும் ஆட்டிப் பார்த்தார். விழவில்லை.

"எட்டு மாசமா இந்த ஊக்கோட மல்லுக்கட்டிக்கிட்டிருந்தேன்" என்றார். "நீங்க உட்காருங்கம்மா."

அந்த அறைக்கு வருகிறவர்களை அவர் உட்காரச் சொல்வது அபூர்வம் என்பது நாற்காலியில் இருந்த தூசியிலேயே தெரிந்தது. இருபது நிமிஷத்தில் விரலை ஓரிடத்தில் வைத்தார். "இதுவா பாருங்க."

பதிவேட்டில் அவர் பெயர். அதன் கீழே அவள் பெயர், ஓரெழுத்துப் பிழையோடு. நடுவில் வழக்கு எண். இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் யாரோ ஓர் எழுத்தர் நீல மையில் எழுதியது.

"ரெண்டு பேரும் சேர்ந்து கேட்டு வாங்கினதா?" என்றார் பதிவறைக்காரர்.

"ஆமாங்க."

"அவர் இருக்காரா?"

"இல்லை. இப்பத்தான், ஒண்ணரை மாசம் முந்தி." இந்தச் செய்தியை அவள் இன்னொருவரிடம் சொல்வது இதுதான் முதல் தடவை.

அவர் உச்சுக்கொட்டவில்லை. பதிவேட்டை மூடி வைத்துவிட்டு, "மூணு வாரம் ஆகும்னு சொல்வாங்க. நான் கட்டை இன்னைக்கே எடுத்து அனுப்பறேன், ரெண்டு வாரத்துல வாங்க" என்றார்.

இரண்டு வாரத்தில் வந்துவிட்டது. இரண்டு பிரதிகள் கேட்டிருந்தாள். ஒவ்வொன்றும் ஒன்றரைப் பக்கம். கடைசியில் வட்ட முத்திரை, 'உண்மை நகல்' என்ற ரப்பர் ஸ்டாம்பு, கையெழுத்து. தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். இத்தனை வருஷத்தில் அதை அவள் முழுசாகப் படித்ததே இல்லை.

மனுதாரர்கள் இருவரும் இன்ன தேதியில் மணம் புரிந்தவர்கள். இத்திருமணத்தில் குழந்தைகள் இல்லை. அங்கே அவள் கண் நின்றது. சட்டப்படி அது சரிதான். யார் மேலும் குற்றம் சொல்ல முடியாது. ஆஸ்பத்திரியில் அவர் அந்தத் துணிப்பொதியைக் கையில் வாங்கிக்கொண்டு நின்ற விதம் இந்தக் கணக்கில் வராது. கொஞ்ச நேரம் கட்டைவிரலால் அந்த வரியை மூடிக்கொண்டு மீதியைப் படித்தாள். கருத்து வேறுபாடு. ஒன்றாக வாழ இயலாத நிலை. பிறகு இந்த வரி: 'முடிவில் உறுதியாக இருக்கிறார்களா என நீதிமன்றம் வினவ, இருவரும் ஆம் எனத் தெரிவித்தனர்.'

அப்படி நடக்கவில்லை. நீதிபதி கேட்டதும் அவள்தான் உடனே ஆம் என்றாள். அவர் சொல்லவில்லை. தலையைக் குனிந்து, கையிலிருந்த பேனா மூடியைத் திறந்தார், மூடினார், திறந்தார். கோர்ட்டே காத்துக்கொண்டிருந்தது. வக்கீல் தோளில் தட்டினார். அதன் பிறகுதான் ஆம் என்றார், அதுவும் காதில் விழாதபடி. நீதிபதி இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். அந்த இடைவெளியை இருபத்து மூன்று வருஷமாக அவள் பொத்திப் பொத்தி வைத்திருந்தாள். அவர் ஏன் தயங்கினார்? தான் ஏன் தயங்கவில்லை? ஒருநாள் எங்கேயாவது பஸ் நிறுத்தத்தில் பார்த்தால் கேட்டுவிட வேண்டும் என்றுகூட நினைத்திருந்தாள். ஒரே ஊரில் இருந்தும் பார்க்கவே இல்லை. அவர்தான் கண்ணாடிக்குக்கூட பஸ் ஏறிப் போனாரே.

அந்தப் பேனா மூடியைப் பற்றிக் காகிதத்தில் ஓர் எழுத்துகூட இல்லை. அவரும் போய்விட்டார். இனி அது அவளுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அவள் சொன்னால் யாரும் நம்ப வேண்டிய அவசியமும் இல்லை, முத்திரை போட்ட காகிதம் வேறு மாதிரி சொல்கிறது. பெஞ்சில் பக்கத்தில் இருந்தவர்கள் எழுந்து போய், வேறு ஆட்கள் வந்து உட்கார்ந்து, அவர்களும் போன பிறகுதான் அவள் எழுந்தாள்.

நகலை அந்தப் பெண்ணிடம் கொடுத்தால் காரியம் முடிந்தது என்று நினைத்தாள். முடியவில்லை. ஓய்வூதிய அலுவலகத்தில் லென்ஸ் அக்காவே நேரில் வந்து ஓர் உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்களாம். அடுத்த புதன்கிழமை போனாள். வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள், பக்கத்தில் அவள் மகள். மகளுக்கு அப்படியே அவருடைய நெற்றி. லென்ஸ் அக்கா அதைப் பார்த்தாள், பார்க்காத மாதிரி பையில் எதையோ தேடினாள்.

"இவங்கதான்" என்று மட்டும் மகளிடம் சொன்னாள் அந்தப் பெண். மகள் என்ன முறை சொல்லிக் கூப்பிடுவதென்று தெரியாமல் தலையை அசைத்தாள். பாவம், அதற்கு ஒரு முறையும் இல்லைதான்.

உள்ளே கண்காணிப்பாளர் அம்மாள் நகலைப் புரட்டிப் பார்த்துவிட்டு, தயாராக அடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினார். "இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு. போட்டுட்டுக் கிளம்பலாம்."

லென்ஸ் அக்கா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாள். கடையில் சீட்டைப் படிக்கிற பழக்கம், எதையும் முழுசாகப் படிக்காமல் கை வைக்க வராது. 'மேற்படி இறந்தவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் இல்லை, இருந்ததும் இல்லை என்று இதன் மூலம் உறுதி கூறுகிறேன்.'

பேனாவைக் கீழே வைத்தாள்.

"என்னம்மா?"

"இருந்ததும் இல்லைன்னு போட்டிருக்கு."

"அது எல்லாருக்கும் போடற வாசகம்தான். எதையும் கேட்க வர மாட்டேன்னு அர்த்தம்."

"கேட்க வர மாட்டேன். அதை எழுதுங்க, போடறேன். இருந்ததும் இல்லைன்னா அந்தக் கோர்ட்டுப் பேப்பர் எதுக்குங்க? இல்லாத உறவை யார் முறிச்சுக் குடுத்தாங்க?"

கண்காணிப்பாளருக்கு முகம் சுண்டியது. "பாரத்தையெல்லாம் மாத்த முடியாதும்மா. வரிசையில ஆளுங்க நிக்கிறாங்க. அவங்களுக்கு உதவறதுக்குத்தானே வந்தீங்க? இப்ப முரண்டு பிடிச்சா எப்படி?"

அந்தப் பெண்ணின் முகத்தில், இத்தனை தூரம் வந்து கடைசிப் படியில் காரியம் கெட்டுப்போகப் போகிறதே என்ற பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. அதைப் பார்க்க லென்ஸ் அக்காவுக்குக் கஷ்டமாக இருந்தது. போட்டுத் தொலைத்துவிடலாம் என்று கை பேனா வரை போயிற்று. ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

"ஏழு வருஷம் இருந்துச்சுங்க" என்றாள். குரல் உயரவில்லை. "ஒரு பெண் குழந்தை பிறந்துச்சு. மூச்சில்லாம பிறந்துச்சு. அவர்தான் கையில வாங்கினார். அதையெல்லாம் இல்லைன்னு என்னால எழுத முடியாது. இப்ப இல்லை. அது உண்மை. அதை நூறு தடவை எழுதித் தர்றேன்."

அந்தப் பெண் லென்ஸ் அக்காவின் பக்கம் திரும்பினாள். "குழந்தையா?" என்றாள். "என்கிட்ட சொன்னதே இல்லையே." மகள் அம்மாவின் கையைப் பிடித்தாள்.

கண்காணிப்பாளர் வாய் திறப்பதற்குள் அந்தப் பெண்ணே பேசினாள். "மேடம், அக்கா சொல்றதுதான் சரி. அப்படியே மாத்தி அடிச்சுக் குடுங்க. லேட்டானா ஆகட்டும். நாங்க உட்கார்ந்திருக்கோம்."

அவள் அக்கா என்று சொன்னது அதுதான் முதல் முறை. கடைசி முறையும் அதுதான்.

ஒரு மணி நேரம் ஆயிற்று. மேலதிகாரியிடம் போய்க் கேட்டு, வேறு தாளில் அடித்து வந்தது. 'இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இறந்தவரின் மனைவியாக இருந்தேன். நீதிமன்ற ஆணைப்படி அத்திருமணம் முடிவுற்றது. தற்போது எனக்கு எவ்வித உரிமையும் இல்லை.' லென்ஸ் அக்கா இரண்டு இடத்திலும் கையெழுத்துப் போட்டாள். கிறுக்கவில்லை, முழுப் பெயரையும் எழுதினாள்.

வெளியே வந்ததும் மூவரும் படியில் கொஞ்ச நேரம் நின்றார்கள். அந்தப் பெண் ஏதோ கேட்க நினைத்தாள். அந்தக் குழந்தையைப் பற்றியா, அவரைப் பற்றியா, தெரியவில்லை. கடைசியில், "வெயில் ஏறிருச்சு, ஆட்டோ பிடிச்சுப் போங்க" என்றாள். பஸ்ஸே இருக்கு என்று லென்ஸ் அக்கா நடந்தாள். திரும்பிப் பார்த்தபோது தாயும் மகளும் எதிர்ப்பக்கமாகப் போய்க்கொண்டிருந்தார்கள், மகள் அம்மாவின் தோளில் கைபோட்டுக்கொண்டு.

ஒரு மாதம் கழித்து அந்தப் பெண்ணிடமிருந்து போன் வந்தது. ஆணை வந்துவிட்டது, எல்லாம் சரியாகிவிட்டது, ரொம்ப நன்றி. ஒரு நாள் வீட்டுக்கு வாங்க என்றும் சொன்னாள். வருகிறேன் என்றாள் லென்ஸ் அக்கா. போகப்போவதில்லை என்பது இரு பக்கமும் தெரிந்ததுதான். அதன் பிறகு போன் இல்லை.

அன்று கடை சாத்துகிற நேரத்தில் முதலாளியிடம் போய் நின்றாள். "எனக்கு மூணு நாள் லீவு வேணுங்க."

"எடுத்துக்கோங்க. ஊருக்கா?"

"இல்லை. ஒருத்தர் இறந்துட்டார்."

"அடடா. எப்போ?"

"மூணு மாசம் ஆகப்போகுது."

முதலாளி கையிலிருந்த சாவிக்கொத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். இருபத்து மூன்று வருஷத்தில் முதல் தடவையாக அவள் சொந்த விஷயத்தில் ஒன்று கேட்டார். "யாரும்மா?"

"என் வீட்டுக்காரரா இருந்தவர்."

அம்மாவின் கப்பல் கதை அவர் காதுக்கும் வந்திருக்குமோ, அதைப் பற்றிக் கேட்பாரோ என்று பயந்தாள். கேட்கவில்லை. "மூணு நாள் போதுமா?" என்றார்.

முதல் நாள் பூராவும் தூங்கினாள். ஆச்சரியமாக, கனவுகூட இல்லாத தூக்கம். இரண்டாம் நாள் காலையில் அழுகை வந்தது. குளித்துவிட்டுத் தலை துவட்டும்போது, எந்த நினைப்பும் இல்லாமல், சும்மா வந்தது. துண்டை முகத்தில் அமுக்கிக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். கீழே கேட்டுவிடுமோ என்று பழக்கதோஷத்தில் காதைத் தீட்டிக்கொண்டாள். யாரும் வரவில்லை. மத்தியானம் சோறு வடித்து, முழுத் தட்டும் சாப்பிட்டாள். பிறகு ஜன்னலில் நின்று தெருவைப் பார்த்தாள். வேலை நாளில் பகல் பதினோரு மணிக்கும் மூன்று மணிக்கும் தன் தெரு எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. யாருமே இல்லை. எதிர்வீட்டு மாடியில் காய்கிற ஒரு போர்வை மட்டும் அசைந்தது. சாயங்காலம் தம்பிக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னாள். எப்போது, எப்படி என்று அவன் கேட்டான். அப்புறம், "சாப்பிட்டியா அக்கா?" என்றான். சாப்பிட்டேன் என்றாள்.

மூன்றாவது நாள் காலையில் எழுந்து, அறையை ஒருமுறை பெருக்கி, அலமாரியைத் துடைத்து, இரண்டாவது நகலைப் பெட்டியில் பள்ளிச் சான்றிதழுக்கு அடியில் வைத்தாள். மணி ஒன்பதுதான் ஆகியிருந்தது. இன்னும் முழுப் பகலும் கிடக்கிறது. கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பிறகு சேலையை மாற்றிக்கொண்டு, கைப்பையை எடுத்து, கதவைப் பூட்டிவிட்டுக் கடைக்குக் கிளம்பினாள்.